அளவுக்கு நிற்க ஓர் ஆள்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. ஒன்றிரண்டு இடங்களில் குறைத்துச் சொல்லியிருப்பது உண்டு. முழுசாகச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதற்காகத்தான் அதுவும். சந்தேகப்படுகிறவர்கள் எந்தப் பொருளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்யத் தயார்.

தையல்காரருக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறை கடை. அதில் இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேசை, தெருவைப் பார்த்தபடி ஓர் ஆளுயரக் கண்ணாடி. நடு அறையில் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை, மகனுடையது. வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தாலும் துணித்துண்டு ஒட்டிக்கொள்ளும். சோற்றில் நூல் வந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்களே தவிர அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மகனுக்கு ஒரு பெரிய கிடங்கில் வேலை. வருகிற பொருளைப் பெட்டியில் வைத்து, ஒட்டி, முகவரிச் சீட்டைப் பதித்து அனுப்ப வேண்டும். வெயில் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்தான். கை கால் கழுவினான். "பசிக்கலைம்மா" என்றான். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். தூங்கட்டும் என்று விட்டார்கள். வெயில் முழுசும் போய், மழையும் பிடித்துக்கொண்டது. கதவு சாத்தியபடிதான் இருந்தது.

தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நகர்ந்தால் ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் முன்னறையில் இருக்கிற நேரம் பார்த்துக் குளியலறைக்குப் போய்விட்டு வந்துவிடுவான். அழுக்குச் சட்டை வெளியே வரும், துவைத்தது உள்ளே போகும். மற்றபடி அவனை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் தையல்காரர் கதவுக்கு வெளியே நின்று விசாரணை நடத்தியிருக்கிறார்.

"காய்ச்சலாடா?"

"இல்லைப்பா."

"வேலை செய்யற இடத்துல யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்லைப்பா."

"பின்னே என்னதான்டா?"

"தெரியலைப்பா."

இதுதான் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தையல்காரர் மனைவியின் தம்பி பஸ் கண்டக்டர். வீட்டிலும் பஸ்ஸில் பேசுகிற சத்தத்திலேயே பேசுவார் என்பதால் தெருவே அவரை விசில் என்று கூப்பிடும். "எவளோ ஒருத்தி ஏறாமலே இறங்கிட்டா அத்தான், வேற என்ன" என்றார் அவர். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பது வயதுக்காரர், எல்லாம் வயிற்றில்தான் இருக்கிறது என்றார். தெரு முக்கில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர், "ஃபோனைப் பிடுங்குங்க, சரியாயிடும்" என்றார். அவன் கதவைச் சாத்திய நாளிலிருந்தே ஃபோன் சார்ஜ் போடாமல் அலமாரியில் கிடக்கிறது என்று சொன்னதும், "அப்ப ஃபோனைக் குடுத்துப் பாருங்க" என்றார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஆள் இருக்காங்களாம்பா. சின்னப் பிள்ளையிலேர்ந்து வயசானவங்க வரைக்கும் யார் போனாலும் உட்கார வச்சுப் பேசுவாங்களாம்."

"பேசறதுக்கு ஆஸ்பத்திரியா? இங்க பேச ஆளா இல்லை?"

"மாமா பேசறது பேச்சாப்பா?"

தையல்காரர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "சரி, அவனைக் கேளு" என்றார்.

"கேட்டேன். வரலைன்னுட்டான்."

"வரலைன்னானா, ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப வரலைன்னுதான் அர்த்தம்" என்று மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் ஓரம் மடிப்பதும் அவள் வேலை. கண்ணைத் தூக்காமல் பேசுவாள்.

தையல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் வர முடியாவிட்டால் அளவு சட்டை வரும். அளவு சட்டையும் கிடைக்காவிட்டால் அதே வாகில் இருக்கிற ஒருத்தர் வந்து நிற்பார். தையல்காரர் இதில் கெட்டிக்காரர். கடல் தாண்டி இருந்த ஒரு மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கோட்டை, அவருடைய சித்தப்பாவை நிறுத்தி வைத்துத் தைத்தவர். சித்தப்பாவுக்குத் தொப்பை. அதனால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். மாப்பிள்ளை வந்து போட்டுப் பார்த்தபோது கச்சிதம். சித்தப்பாவுக்குத்தான் அதன் பிறகு வயிறு வெளியே வரவே இல்லை.

ஆகவே தையல்காரர் மகனுடைய சட்டை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டி, கட்டுப் போடும் அறையையும் தாண்டி, நடைவழியின் கடைசிக் கதவு. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மின்விசிறி. ஆலோசகர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. அவருக்கு ஓயாத சளி. கையில் கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

தையல்காரர் சட்டையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"இது என்னங்க?"

"பையனோட சட்டைங்கம்மா."

"பையன் எங்கே?"

"அவன் வரமாட்டான். அதான் சட்டை."

ஆலோசகர் மூக்கைச் சிந்திவிட்டுச் சட்டையைப் பார்த்தார். "இதுகிட்ட நான் என்னங்க பேசறது?"

"பேச வேண்டாம். பார்த்துட்டு ஒரு யோசனை சொல்லுங்க போதும். காலரைப் பாருங்க, வலப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. தலையை எந்நேரமும் அந்தப் பக்கமே சாய்ச்சிட்டு உட்கார்ந்திருக்கான். முழங்கை ரெண்டும் பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க. ஊனிக்கிட்டே இருக்கான்."

"உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கே."

"தேஞ்சது தெரியுதும்மா. ஏன் தேஞ்சுதுன்னு தெரியலை."

ஆலோசகர் சட்டையை நிதானமாக மடித்து அவர் பக்கம் நகர்த்தினார். "அவரா வந்து உட்கார்ந்தாத்தான் என்னால எதாவது செய்ய முடியும். அதுவும் செஞ்சுடுவேன்னு சொல்ல முடியாது. பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான்."

"நீங்க வீட்டுக்கு வந்தா?"

"நான் இந்த அறையை விட்டு வெளியே போக அனுமதி இல்லைங்க. நான் எழுந்து போனா, அடுத்து வர்றவங்க கதவைத் தட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. இங்க வர்றவங்க ரெண்டாவது தடவை தட்டமாட்டாங்க."

தையல்காரர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அது அவர் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்மா. அவன் இடத்துல நான் நிக்கறேன்."

"நின்னு?"

"அவனுக்கும் எனக்கும் ஒரே தோள். கை மட்டும் எனக்கு அரை விரல் கட்டை. நீங்க அவன்கிட்ட கேக்கறதை என்கிட்ட கேளுங்க. அவன்கிட்ட சொல்றதை என்கிட்ட சொல்லுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், எங்க பிரிக்கணுமோ பிரிச்சு, எங்க பிடிக்கணுமோ பிடிச்சு, அவனுக்குச் சேர்த்துடறேன்."

இதை மறுத்திருக்க வேண்டும். ஆலோசகர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சளி அதிகம். மறுப்பு வெளியே வருவதற்குள் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடித்துப் பார்த்தபோது தையல்காரர் நாற்காலியில் மகனாக உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் ஒட்டி, முழங்கை மேசையில் ஊன்றி, தலை வலப்பக்கம் சாய்ந்து.

"சரி. உங்களுக்கு என்ன செய்யுது?" என்றார் ஆலோசகர்.

"எனக்கா, அவனுக்கா?"

"இப்ப நீங்க அவர்தானே?"

"ஆமா. தெரியலைம்மா."

"அறையை விட்டு வெளியே வந்தா என்ன ஆகும்?"

"எல்லாரும் பார்ப்பாங்க."

"எல்லாரும்னா?"

"எங்கப்பா."

"அவர் பார்த்தா என்ன?"

"அவர் பார்க்கமாட்டார்மா. அளவெடுப்பார்."

இந்தச் சொல் தன் வாயில் எங்கிருந்து வந்தது என்று தையல்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதிரில் வருகிறவரின் தோளையும் இடுப்பையும் பார்த்து, போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு கூடக்குறைய என்று கணக்குப் போடுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் பார்த்திருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆலோசகரும் அவசரப்படுத்தவில்லை. கிளம்பும்போது, தினமும் கொஞ்ச நேரம் மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்கு வெளியே நின்றார். "டேய், மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடணுமாம்டா."

உள்ளே சத்தமில்லை.

"இப்படி" என்று சாத்திய கதவுக்கு முன்னால் நின்று தானே இழுத்துக் காட்டினார், விட்டுக் காட்டினார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க வைத்தியம்?"

"அவனுக்குத்தான்."

"மூச்சு உங்களுக்குல்ல வாங்குது."

அன்று அவர் படுத்தவர் படுத்தவர்தான். வருஷக்கணக்காகப் புரண்டு புரண்டு படுக்கிற மனிதர், விடிந்து பால்காரர் வந்து போய், விசில் வேலைக்குப் போகும்போது காதருகே கத்திய பிறகுதான் கண் திறந்தார். காலையில் ஊசியில் நூல் முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. பின்னறைத் தட்டில் மட்டும் பாதிச் சோறு மீதி.

அடுத்த வாரம் பள்ளிச் சீருடைத் துணி வந்து குவிந்துவிட்டது. நகர முடியவில்லை. "மாப்ள, உனக்கும் அவனுக்கும் உயரம் ஒண்ணுதான். இந்த வாரம் நீ போய் நில்லு" என்றார்.

"நான் போய் என்ன சொல்லணும்?"

"நீ அவன். கேக்கறதுக்கு அவன் மாதிரி பதில் சொல்லு."

"அவன்தான் பேசவே மாட்டேங்கறானே அத்தான். நான் பேசாம எப்படி?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் போனார். போய் என்ன பேசினாரோ, வரும்போது அவர் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. நடு அறையில் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் டீ குடு" என்றார். மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து தம்பி சாதாரணக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. நான் ஏன் கத்தறேன்னு கேட்டாங்க. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். அப்புறம் அவங்களும் ஒண்ணும் சொல்லலை, நானும் ஒண்ணும் சொல்லலை."

"அதை அவனுக்காகச் சொன்னியா, உனக்காகச் சொன்னியா?"

விசில் டீயை ஊதினார். "அங்க உட்கார்ந்தா அதெல்லாம் பிரிச்சுப் பார்க்க முடியலைக்கா."

அதற்கடுத்து மகள் போனாள். வரும்போது கண் வீங்கியிருந்தது. ஆனால் அன்றைக்கே மருந்துக்கடை முதலாளியிடம் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டாள். சேதி தெருவில் பரவியது. இஸ்திரிக்காரர், வண்டியில் கரியை ஊதிக்கொண்டே, "பையனுக்காக ஒரு நடை நானும் போயிட்டு வரேனே, நானும் தெருக்காரன்தானே" என்றார். போய்விட்டு வந்து மூன்று சட்டையை அழுதுகொண்டே இஸ்திரி போட்டார். தண்ணீர் தெளிக்கவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நல்ல மடிப்பு. அவர் மகள், எட்டு வயசு, பரீட்சை என்றால் வாந்தி எடுக்கிறவள், "அண்ணனுக்காக நான்" என்று கிளம்பினாள். தபால்காரர், தான் கொண்டுபோய்ச் சேர்க்காமல் திரும்பிவிட்ட கடிதங்களெல்லாம் கனவில் வருவதாகப் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர், கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள்: தையல்காரர் மகன்.

ஒரு நாள் தையல்காரர் போனபோது ஆலோசகர் கேட்டார்: "உங்க பையனுக்கு என்ன வயசுதாங்க? போன வாரம் எட்டு வயசு, கணக்கு வரலைன்னு அழுதார். அதுக்கு முந்தின வாரம் எண்பது வயசு, முட்டி வலின்னார். நடுவுல ஒரு நாள் அவருக்குக் கல்யாணமாகி, புருஷன் குறட்டை விடறாருன்னு சொன்னார்."

"அது எங்க தெரு முட்டைக்காரரோட சம்சாரமா இருக்கும்மா."

"எல்லாருக்கும் கொஞ்சம் பரவாயில்லையா?"

"எல்லாருக்கும் பரவாயில்லைங்க." மகனைச் சேர்க்காமல்தான் அப்படிச் சொன்னார்.

தெரு நன்றாகிவிட்டது. குழாயடியில் குடத்தை முன்னால் தள்ளுகிறவர்கள் பின்னால் தள்ள ஆரம்பித்து, யாரும் தண்ணீர் பிடிக்காமல் குழாய் பாட்டுக்கு ஓடியது. நாய்கள் தேவைக்கு மேல் குரைப்பதில்லை. முட்டைக்காரர் குறட்டையை அவர் மனைவியே தாளம் போட்டுக் கேட்டதாகச் சொல்கிறார்கள்; அதை யாரும் நேரில் பார்க்கவில்லை என்பதால் இங்கே சேர்க்கவில்லை. எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள், நிம்மதியாகத் தூங்கினார்கள். சாப்பிட்டுத் தூங்கினால் உடம்பு என்ன ஆகும்? தெருவே பருத்தது. பிரித்துவிட வேண்டிய துணி கடையில் மலையாகச் சேர்ந்தது. மழைக்காலம், தண்ணீரில் நனைந்த துணி காயாமல் கொடியில் தொங்க, அதன் வாசனையில் உட்கார்ந்து தையல்காரர் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இடுப்பு இடுப்பாகப் பிரித்தார். விசிலின் காக்கிப் பேன்ட்டில் பிரிக்கத் துணியே மிச்சமில்லாமல் பின்பக்கம் ஒட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பருமனெல்லாம் வெளியே இப்படி ஏற, பின்னறையிலிருந்து தட்டை எடுக்க வரும் கை மெலிந்துகொண்டே வந்தது.

அதைத் தையல்காரர் பார்த்தார். அளவெடுக்கக் கூடாது என்று தலையை ஆட்டிக்கொள்வார். ஆனால் கண் கேட்காது. மணிக்கட்டைப் பார்த்தாலே தோள் தெரிந்துவிடும். துவைத்த சட்டையை உள்ளே அனுப்புமுன் மெஷினில் போட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிடுவார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொஞ்சம். சட்டை தொளதொளவென்று தொங்கினால் பிள்ளைக்குத் தான் இளைத்தது தெரிந்து மனசு விட்டுவிடுமே என்று.

ஒரு நாள் அவர் பிடித்துத் தைத்துக்கொண்டிருப்பதை மனைவி பார்த்துவிட்டாள். இந்தத் தடவை கண்ணைத் தூக்கித்தான் பேசினாள்.

"எவ்வளவு நாளா இது நடக்குது?"

"கொஞ்ச நாளா."

"அவன் மெலியறதுக்கு நீங்க பாதை போட்டுக் குடுக்கறீங்க."

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? சொல்லு, பண்றேன். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உட்கார்ந்து பட்டன் வைக்கறேன்."

இருவரும் தெருக் கண்ணாடியைப் பார்த்தார்கள். வெளியே போகிற குடைகள் அதில் தலைகீழாகத் தெரியாமல் நேராகத்தான் தெரிந்தன. அதுவே அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

"எல்லாரும் போயாச்சு. நீ ஒரு தடவை போய் நில்லேன்" என்றார் தையல்காரர்.

"எனக்கும் அவனுக்கும் எந்த அளவு ஒத்துப்போகும்? ஆள் பாதி இருக்கேன்."

"அவனை வயித்துல வச்சிருந்த இல்ல."

அவள் எழுந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த நூலையெல்லாம் எடுத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

மாலையில் வந்தாள். நேரே போய்ப் பின்னறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, கூடையை இழுத்து வைத்துக்கொண்டு ஓரம் மடிக்க ஆரம்பித்தாள். கதவைத் தட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மறுநாளும் அங்கேயேதான். தையல்காரர் ஜாடையில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஜாடையிலேயே சொன்னாள். மழை விடவில்லை. கூரையில் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. முன்னறையில் மெஷின் நின்று நின்று ஓடியது.

சில நாள் போயிருக்கும். மத்தியானம். உள்ளேயிருந்து குரல் வந்தது. துருப்பிடித்த கத்தரி திறக்கிற மாதிரி.

"அம்மா. அங்க போனியாமே."

மெஷின் நின்றது. மனைவி ஊசியை நிறுத்தவில்லை. "ம்."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

"அவங்க?"

"அவங்க ஒரு தடவை கேட்டாங்க. நான் உன்னை மாதிரிதானே உட்காரணும்? ஒண்ணும் பேசாம உட்கார்ந்தேன். அவங்களும் பேசாம உட்கார்ந்துட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும்."

"கோவப்படலையா?"

"இல்லை. மூக்கைச் சிந்தினாங்க. நான் கிளம்பறப்ப, இன்னிக்குத்தான் அவர் வந்தார்னு சொன்னாங்க."

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அது சிரிப்பு என்று மனைவியும், கட்டில் அசைந்த சத்தம் என்று தையல்காரரும் அன்று முழுவதும் கிசுகிசுவென்று சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. அப்படி ஒரு சண்டை போட்டு அவர்களுக்கும் நாளாகியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும் குரல்.

"அப்பா."

தையல்காரர் மெஷினைத் தள்ளிக்கொண்டு எழுந்ததில் முழங்காலில் இடித்துக்கொண்டார். கதவுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றார். "சொல்லுடா."

"இனிமே சட்டையைப் பிடிச்சுத் தைக்காதீங்க. கையைத் தூக்க முடியலை."

தையல்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "பிரிச்சு விட்டுடறேன்" என்றார்.

"நானும் அங்க பேசாம உட்காரலாமா?"

"அதுக்குத்தானேடா அவங்க இருக்காங்க."

"நாளைக்கு இருப்பாங்களா?"

"இருப்பாங்க. எங்கயும் போகமாட்டாங்க. போக அனுமதியே இல்லையாம்."

"நாளைக்கு வரேன்."

அந்த இரவு தெரு முழுவதும் தூங்கவில்லை. அத்தனை வாரம் பழகிய தூக்கத்தை ஒரே இரவில் விட்டுக்கொடுத்தது. விசில் மெதுவான குரலிலேயே வீடு வீடாகப் போய், "யாரும் பார்க்காதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது, பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் கதவு திறந்தது. தையல்காரர் மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் அளவெடுத்துவிடும். பார்க்காமல் தைத்ததில் யாருடைய பேன்ட்டுக்கோ பாக்கெட்டின் வாயை மூடித் தைத்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றவனின் செருப்பு மட்டும் கண்ணில் பட்டது. கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போன அதே செருப்பு. அதற்கு மட்டும் அளவு மாறியிருக்கவில்லை.

"போலாமாப்பா."

"போலாம்."

தெருவில் யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்கள். தபால்காரர் தூறலில் அண்ணாந்து வானத்தையே படித்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் ஒரே சட்டையைத் தேய்த்துத் தேய்த்து அதன் கட்டங்கள் போய் வெள்ளைச் சட்டையாகியிருந்தது. முட்டைக்காரர் மனைவி புருஷனின் கண்ணைத் தன் கையால் பொத்தியிருந்தாள். நாய்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தையல்காரர் முன்னால் நடந்தார். திரும்பவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே போனார். வந்தது. ஒரு திருப்பத்தில் நின்றது. அவரும் நின்று, எதிர்க்கடைப் பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் சத்தம் வந்ததும் நடந்தார். எக்ஸ்ரே எடுக்கும் இடம் தாண்டியது. கட்டுப் போடும் அறை தாண்டியது. நடைவழியில் மருந்து வாசனை, ஈரத் துடைப்பத்தின் வாசனை. கடைசிக் கதவு வந்ததும் அவர் ஒதுங்கிச் சுவரோரம் நின்றார்.

"நான் தட்டட்டுமா?"

"வேண்டாம்பா. நீங்க அங்கயே இருங்க. நான் தட்டிக்கறேன்."

தோளில் தையல் இறுக்காத அந்தச் சட்டையில் அவன் கையைத் தூக்கினான். தட்டினான்.

அந்த ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் என்று ஒரு பணியிடம் உண்டு. கட்டடம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை அதில் யாரையும் போடவில்லை. அந்த நாற்காலிக்கும் யாரோ ஒருவர் அளவுக்கு நின்றிருக்கிறார்.